வாசகர் கேள்வி - பதில்: பாரிஸின் பழைய ஹோட்டலில் ஓர் அறை

ஐரோப்பிய நகரங்களில் நூறாண்டு கடந்து நிற்கும் சொகுசு ஹோட்டல்களில் தங்குவதைப் பற்றிக் கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை பாரிஸைப் பற்றியவையாகவே இருந்தன. நம் மொரிசியஸ் தீவிலிருந்து நேரடி விமானம் உண்டு, பிரெஞ்சு மொழி நமக்குப் பழக்கம், அங்கே குடியேறிய உறவினர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ஆகவே இதில் வியப்பில்லை. வடகரையில் ஒரு கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவள் என்ற முறையிலும், ஓய்வு பெற்றபின் அந்தப் பழைய ஹோட்டல்கள் சிலவற்றில் தங்கியும் சிலவற்றை வெளியிலிருந்து பார்த்தும் வந்தவள் என்ற முறையிலும் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

அம்மா, வரும் அக்டோபரில் என் பெற்றோருக்குத் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன. அப்பா ஒரு கடற்கரை ஹோட்டலின் உணவுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட எந்த ஹோட்டலிலும் விருந்தினராகப் படுத்தவர் அல்லர். அண்ணனும் நானும் சேர்ந்து அவர்களைப் பாரிஸுக்கு அனுப்பி, பெயர்பெற்ற பழைய ஹோட்டல் ஒன்றில் மூன்று இரவு தங்கவைக்க விரும்புகிறோம். ஹோட்டலுக்கு மட்டும் இரண்டு இலட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இது நல்ல யோசனைதானா?
— ஒரு மகள், காத்ர் போர்ன்

அன்பு மகளுக்கு, இது மிக நல்ல யோசனை. ஆனால் மூன்று இரவையும் அந்த ஹோட்டலிலேயே கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பணம் மட்டும் காரணம் அன்று.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். பாரிஸின் உச்சநிலை ஹோட்டல்களில் மிக எளிய அறைக்கே ஓர் இரவுக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டுவது வழக்கம். யூரோ ஐம்பது ரூபாய்க்கு மேல் விற்கும் இந்நாளில், மூன்று இரவுக்கு அறை வாடகை மட்டுமே ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிடும். அதன்மேல் நகரசபைக்குச் சேரும் தங்கல் வரி இருக்கிறது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்து யூரோவுக்கு மேல் வரும். பல இணையதளங்களில் முதலில் காட்டப்படும் விலையில் அது சேர்ந்திருப்பதில்லை. நம் ஊர்க் கடற்கரை ஹோட்டல்களில் காலை உணவும் இரவு உணவும் வாடகைக்குள் அடங்கிப் பழகிய நமக்கு, அங்கே காலை உணவுக்குத் தனி விலை உண்டு என்பதும், அது சில இடங்களில் ஓர் ஆளுக்கு ஐம்பது யூரோவைத் தாண்டும் என்பதும் அதிர்ச்சியாக இருக்கும். இவையெல்லாம் கூடினால், பெற்றோர் ஒரு காப்பிக்குக்கூடத் தயங்கும் நிலை வந்துவிடும். நாற்பதாண்டு மணநாளில் அந்தத் தயக்கம் வேண்டாம்.

மற்றக் காரணம் விமானம். இங்கிருந்து இரவில் புறப்பட்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் பறந்து விடியற்காலையில் பாரிஸில் இறங்குவார்கள். ஹோட்டலில் அறை கிடைப்பதோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூடத்தில் உட்காரவும் சொல்வார்கள். ஆனால் தூக்கம் இழந்த இரண்டு பெரியவர்கள், அடுத்த வேளை எங்கே சாய்வது என்று தெரியாமல், பளிங்குத் தூண்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் காத்திருப்பது கொண்டாட்டமாக இராது. மாலையில் அறை கிடைத்ததும் உறங்கிவிடுவார்கள். ஆயிரம் யூரோ அந்த உறக்கத்தோடு போய்விடும். ஆகவே முதல் இரவை அதே வட்டாரத்தில் உள்ள எளிய, தூய்மையான மூன்று நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் கழிக்கட்டும். மறுநாள் குளித்து உடுத்தி, களைப்புத் தீர்ந்த முகத்தோடு பழைய ஹோட்டலுக்குள் நுழையட்டும். அங்கே இரண்டு இரவு போதும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பாரிஸில் ஆடை அலங்கார வாரம் நடக்கும். அந்நாள்களில் இத்தகைய ஹோட்டல்களில் இடமும் இராது, விலையும் ஏறியிருக்கும். மணநாள் மாதத் தொடக்கத்தில் வந்தாலும் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பல நகர ஹோட்டல்களில் விலை இறங்கும் இரவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி முழங்கால் வலி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருப்பது மட்டும் போதாது. தெருவிலிருந்து கூடத்துக்கு நான்கு படி, கூடத்திலிருந்து லிஃப்டுக்கு மூன்று படி, சில வேளைகளில் அறைக்குள்ளேயே படுக்கையிலிருந்து குளியலறைக்கு இரண்டு படி என்று அமைந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். எனவே ‘லிஃப்ட் உண்டா’ என்று கேட்காதீர்கள். ‘தெருவாசலிலிருந்து படுக்கைவரை மொத்தம் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்’ என்று கேளுங்கள். அடுத்தது குளியல் தொட்டி. காலைத் தூக்கி உயரமான விளிம்பைக் கடந்து இறங்கும் தொட்டிகள்தாம் அங்கே பெருமைக்குரியவை; உங்கள் அம்மாவுக்கு அவை ஆபத்தானவை. தரைமட்டத்தில் ஷவர் உள்ள அறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்.

எழுதும்போது மறைக்காமல் எழுத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உங்கள் அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் உணவுக்கூடத்தில் பணியாற்றியவர் என்பதையும், இது அவர்களுடைய நாற்பதாம் மணநாள் என்பதையும், பிள்ளைகள் இருவரும் சேர்ந்து அனுப்புகிறோம் என்பதையும் ஒரு பத்தியில் பிரெஞ்சில் எழுதுங்கள். இதைப் பெருமை பேசுவதாகவோ சலுகை கேட்பதாகவோ எண்ண வேண்டாம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள், வருகிறவர் தொழில்காரர் என்று அறிந்தால் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தபோது, பாரிஸில் ஓய்வு பெற்ற ஓர் அறைப் பராமரிப்புத் தலைவியை எங்கள் பெண்கள் தங்கள் அத்தையைப் போலக் கவனித்துக்கொண்டார்கள். மேலாளர் யாரும் அதைச் சொல்லிச் செய்யவைக்கவில்லை. உங்கள் அப்பா அந்த உணவுக்கூடத்தில் மேசை விரிப்பின் மடிப்பைப் பார்ப்பார், கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார், தட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். பரிமாறுகிறவர்களுக்கு அவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால், சமையலறையைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அழைக்கவும் கூடும். அந்த அழைப்பு வந்தால் அவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

இறுதியாக இரு நடைமுறைச் செய்திகள். நம் கடவுச்சீட்டுக்கு அங்கே குறுகிய காலத் தங்கலுக்கு விசா தேவையில்லை. நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்வரை தங்கலாம். ஆனாலும் திரும்பும் பயணச்சீட்டு, இரண்டு ஹோட்டல்களின் முன்பதிவு, காப்பீடு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு அம்மாவின் கைப்பையில் வையுங்கள். வந்ததும் வரவேற்பு மேசையில் உத்தரவாதமாக ஒரு தொகையை அட்டையில் முடக்கிவைப்பார்கள். அதற்கு வங்கிக் கணக்கோடு இணைந்த டெபிட் அட்டையைக் கொடுத்தால், அந்தப் பணம் ஊர் திரும்பிய பிறகும் சில நாள்கள் கைக்கு வராமல் நிற்கும். கடன் அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அதன் வரம்பு போதுமா என்பதை வங்கியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நூற்றிருபது ஆண்டுப் பழைமை வாய்ந்த ஹோட்டல் என்று நம்பி, ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் பெரும்பணம் கொடுத்து இரண்டு இரவு தங்கினோம். படத்தில் பெரிய மாடிப்படியும் சரவிளக்கும் இருந்தன. எங்களுக்குக் கிடைத்ததோ கூரைச் சரிவுக்குக் கீழே, உள்முற்றத்தைப் பார்த்த சிறிய அறை. நிமிர்ந்தால் தலை இடித்தது. எங்கள் நிறத்தைப் பார்த்துக் கொடுத்தார்களோ என்று மனைவி இன்றும் வருந்துகிறாள். அப்படி இருக்குமா?
— வாசகர், ஃபிளாக்

ஐயா, அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு நேர்ந்ததற்கு வேறு விளக்கமும் இருக்கிறது, அதை அறிந்தால் உங்கள் மனைவியின் மனம் ஓரளவு ஆறக்கூடும். எனக்கும் இதே போன்ற ஏமாற்றம் ஒன்று நேர்ந்தது. ஓய்வு பெற்ற ஆண்டில், ஒரு நகரத்தில், முகப்பைப் பார்த்தே மயங்கி முன்பதிவு செய்த ஹோட்டலில், என்னைத் தெருவைக் கடந்து எதிரே இருந்த இணைப்புக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அறையின் பெயரிலேயே சிறிய எழுத்தில் அது குறிக்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் இதே தொழிலில் இருந்த நான் அதைப் படிக்கவில்லை. அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் தீவில் ஒரு கடற்கரை ஹோட்டல் என்றால், ஒரே அச்சில் வார்த்தாற்போல நூறு அறைகள் இருக்கும். வேறுபாடு கடலுக்கு அருகிலா, தோட்டத்துக்கு அருகிலா என்பதுதான். பழைய நகர ஹோட்டலில் ஓர் அறையைப் போல இன்னோர் அறை இராது. அதற்குக் காரணம் கட்டடத்தின் வரலாறு. சில ஹோட்டல்கள் அரண்மனையாகப் பிறந்தவை: வியன்னாவின் இம்பீரியல், வூர்ட்டம்பெர்க் இளவரசர் ஒருவரின் மாளிகையாக 1863இல் கட்டி முடிக்கப்பட்டு, உலகக் கண்காட்சியை ஒட்டி 1873இல் ஹோட்டலாக மாறியது. இளவரசர் வசித்த கூடங்களும் அவருடைய வேலையாள்கள் படுத்த அறைகளும் ஒரே கூரையின் கீழ்தானே இருந்தன. இன்று இரண்டு வகையும் விற்பனைக்கு இருக்கின்றன.

வேறு சில, ஹோட்டலாகவே கட்டப்பட்டவை; ஆனால் அக்காலத்து விருந்தினரின் தேவைகள் வேறு. இலண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தோடு ஒட்டி எழுந்த மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் 1873இல் திறக்கப்பட்டபோது அறைகளோடு இணைந்த குளியலறைகளே இல்லை. வேலையாள்கள் வெந்நீரைச் சுமந்து வந்தார்கள். தீப்பிடிக்காமல் இருக்கக் கட்டிய கனத்த தளங்களைத் துளைத்துக் குழாய் போடுவது எளிதாக இல்லை. காலத்துக்கு ஒவ்வாத விடுதியாகிவிட்ட அது 1935இல் மூடப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பின் 2011இல்தான் மீண்டும் ஹோட்டலாகத் திறந்தது. பழைய ஹோட்டல்களில் குளியலறை கோணல்மாணலாக, ஓர் அலமாரியைக் குடைந்து வைத்தாற்போல இருப்பதற்கு இதுவே காரணம்: அறைகள் முதலில் வந்தன, தண்ணீர் பின்னால் வந்தது.

கூரைச் சரிவுக்குக் கீழே உள்ள அறைகளும் அவ்வாறே. பாரிஸின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களில், லிஃப்ட் பரவுவதற்கு முன், வசதி படைத்தோர் வாழ்ந்தது இரண்டாம் மாடியில். நீண்ட பால்கனியும் உயர்ந்த கூரையும் அங்கேதான் இருக்கும். துத்தநாகக் கூரைக்கு அடியில் இருந்த சிற்றறைகள் பணிப்பெண்களுக்கு. லிஃப்ட் வந்த பிறகு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இன்று அதே சிற்றறைகளில் சில, இரண்டு மூன்றாகச் சேர்க்கப்பட்டுக் கூரைகள் தெரியும் மிக உயர்ந்த விலை அறைகளாகியிருக்கின்றன. சேர்க்கப்படாதவை உங்களுக்குக் கிடைத்தது போன்ற அறைகளாக நிற்கின்றன. முகப்பு பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் சன்னலைப் பெரிதாக்கவும் சட்டம் இடம் தராது.

எந்த அறை யாருக்கு என்பது எப்படி முடிவாகிறது என்று சொல்கிறேன். இது நான் பல்லாயிரம் முறை செய்த வேலை. விருந்தினர் வருவதற்கு ஓரிரு நாள் முன்பு, மறுநாள் வருவோர் பட்டியலை எடுத்துக்கொண்டு அறை எண்களை எழுதுவோம். முதலில் பலமுறை வந்தவர்கள். பிறகு நீண்ட நாள் தங்குவோர். பிறகு எழுத்தில் ஏதேனும் கேட்டவர்கள். இவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் மிஞ்சியவை, தள்ளுபடித் தளங்கள் வழியாக மிகக் குறைந்த விலை வகையில், ஒன்றும் கேட்காமல் பதிவு செய்தவர்களுக்குப் போகும். அந்த மேசையில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். ஒரு வரிசை எண்ணைத்தான் பார்த்திருப்பார். கேட்டவருக்குக் கிடைத்தது, கேளாதவருக்கு மிஞ்சியது. இதில் நியாயம் முழுமையாக இருக்கிறது என்று நான் வாதிடவில்லை.

அடுத்த முறை நேரடியாக ஹோட்டலுக்கே எழுதுங்கள். எத்தனையாவது மாடி, தெருவைப் பார்த்ததா உள்முற்றத்தைப் பார்த்ததா, சரிந்த கூரையா, முதன்மைக் கட்டடமா இணைப்புக் கட்டடமா, எத்தனை சதுர மீட்டர், பக்கத்து அறையோடு கதவு உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ணாதீர்கள். அந்த இடைக்கதவு வழியே அடுத்த அறையின் இருமலும் தொலைக்காட்சியும் வந்து சேரும். உள்முற்றத்து அறை என்றாலே தாழ்ந்தது என்றும் கொள்ள வேண்டாம். இருட்டாக இருக்கும், ஆனால் அமைதியாக இருக்கும். மெல்லுறக்கம் உடையவர்களுக்கு நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். வந்து பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், பெட்டியைத் திறப்பதற்கு முன், படுக்கையில் உட்காருவதற்கும் முன், கீழே இறங்கி வந்து மரியாதையாகச் சொல்லுங்கள். ஓர் இரவு படுத்துவிட்டுச் சொன்னால், அந்த அறையை மறுபடி தூய்மைசெய்ய வேண்டும் என்பதால் மாற்றித் தருவது கடினமாகிவிடும். நம்மவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டு, ஊர் வந்து வருந்துகிறோம். அந்தப் பொறுமை அங்கே யாருக்கும் புரியாது.

ஐந்து நட்சத்திரம் என்கிறார்கள், ‘பலாஸ்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? பாரிஸில் உண்மையிலேயே பழைமையானவை எவை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ரோஸ் ஹில்

இரண்டும் ஒன்றல்ல. ஐந்து நட்சத்திரம் என்பது அளவுகோல்களைக் கொண்டு தரப்படும் தகுதி. பிரான்சில் அது 2009இல்தான் வந்தது, அதுவரை நான்குக்கு மேல் ‘சொகுசு’ என்ற அடைமொழியே இருந்தது. ‘பலாஸ்’ என்பது ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் சிலவற்றுக்கு மட்டும் அரசின் சுற்றுலா நிறுவனம் வழங்கும் சிறப்பு. அமைவிடம், வரலாறு, அழகு, பணி ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படுகிறது. அதன் முதல் பட்டியல் 2011இல் வெளிவந்தபோது பாரிஸின் லெ மெரிஸ், லெ பிரிஸ்டல், பிளாசா அதெனே ஆகியவை அதில் இருந்தன. உலகமே ஹோட்டலுக்கு மறுபெயராகச் சொல்லும் ரிட்ஸ் அதில் இல்லை. பட்டத்தை மட்டும் வைத்து ஒரு ஹோட்டலை எடைபோட வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பழைமை என்றால், லெ மெரிஸின் வேர் மிக ஆழமானது. பிரான்சின் துறைமுக நகரான கலேயில் அஞ்சல் நிலையத் தலைவராக இருந்த ஒகுஸ்தேன் மெரிஸ், ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் ஆங்கிலேயப் பயணிகளுக்காக 1771இல் அங்கே ஒரு சத்திரம் திறந்தார். பிறகு பாரிஸிலும் ஒன்று தோன்றி, 1835இல் இன்றுள்ள ரிவோலி வீதிக்கு, தியிலெரித் தோட்டத்தின் எதிரே வந்தது. செருமானியர் ஆக்கிரமித்திருந்த பாரிஸின் படைத்தலைவர் ஃபொன் ஷோல்டிட்ஸ் இந்த ஹோட்டலில்தான் தலைமையகம் வைத்திருந்தார். 1944 ஆகஸ்ட் 25 அன்று இங்கேயே பிடிபட்டார். ஓவியர் சல்வதோர் தாலி பல ஆண்டுகள் இங்கே வந்து தங்கிப்போனதும் இதே கட்டடத்தில்தான்.

ஓபெரா அருகே உள்ள கிராண்ட் ஹோட்டல் 1862இல் பேரரசி யூஜெனி முன்னிலையில் திறந்தது. எதிரே இருக்கும் ஓபெரா மாளிகையைவிட இது பதின்மூன்று ஆண்டு மூத்தது. ரிட்ஸ் இவற்றோடு ஒப்பிட்டால் இளையது. வாந்தோம் சதுக்கத்தில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து முகப்புக்குப் பின்னால், சுவிட்சர்லாந்து விவசாயக் குடும்பம் ஒன்றின் பதின்மூன்றாம் பிள்ளையான செசார் ரிட்ஸ், சமையற்கலைஞர் எஸ்கோஃபியேயைத் துணையாகக் கொண்டு 1898 ஜூன் 1 அன்று அதைத் திறந்தார். மின்விளக்கு, தொலைபேசி, அறையோடு சேர்ந்த குளியலறை என்று அவர் செய்தவை அன்றைக்குப் புதுமை. நான் மேலே சொன்ன இலண்டன் ஹோட்டலுக்கும் இதற்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுதான். அந்தக் கால் நூற்றாண்டில்தான் இன்று நாம் ஹோட்டல் என்று அறிவது பிறந்தது என்பேன். ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ ஷனேல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வசித்து, 1971இல் அங்கேயே இறந்தார்.

இவற்றில் பலவும் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். ரிட்ஸ் 2012 முதல் 2016 வரை மூடியிருந்தது. ஆகவே நீங்கள் தொடும் கதவுப்பிடி பழையது என்று எண்ண வேண்டாம். பழையது அறையின் உயரமும் சன்னலின் அளவும் வெளியே தெரியும் சதுக்கமும்தான்.

நாங்கள் புரட்டாசி முழுவதும் சைவ விரதம் இருப்பவர்கள், முட்டையும் தொடமாட்டோம். அந்த மாதத்தில் இத்தகைய ஹோட்டலில் தங்கினால் பட்டினிதானா?
— வாசகி, போ பாசேன்

பட்டினி இல்லை, அம்மா. ஆனால் ‘வெஜிதேரியன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் அவர்கள் முட்டையையும் சேர்த்துக்கொள்வார்கள். இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு, ஜெலட்டின் ஆகியவை கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பிரியோஷ் ரொட்டியிலும், கிரேப் என்னும் மெல்லிய தோசை போன்ற பண்டத்திலும் முட்டை உண்டு. குரோசானின் மாவில் வழக்கமாக முட்டை இராது. ஆனால் பொன்னிறம் வர மேலே முட்டை தடவிச் சுடுவார்கள். காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு கலப்பது வழக்கம். பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. அதை ஏற்பதும் விலக்குவதும் உங்கள் வீட்டு வழக்கம். பழம், பாகெட் ரொட்டி, வெண்ணெய், தேன், தயிர், காப்பி என்று காலையை நிறைவாகவே கழித்துவிடலாம். இரவு உணவுக்கு இரண்டு நாள் முன்பே சொன்னால் தலைமைச் சமையற்காரரே தனியாகச் செய்து தருவார். பெரிய சமையலறையில் அது அவர்களுக்குச் சுமையே அன்று.

சோறும் குழம்பும் இல்லாமல் மனம் நிறையாத நாளில், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லா ஷப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத்துத் தமிழர் கடைகளும் சைவ உணவகங்களும் நிறைந்த தெருக்கள் அவை. 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இப்போது அங்கே பஜோல் வீதியில் இருக்கிறது. விரத நாளில் வழிபாடும் முடித்து, இலைச் சாப்பாடு இல்லாவிட்டாலும் தட்டுச் சாப்பாடு உண்டு வரலாம். பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுவந்தாலும் தவறில்லை. தட்டும் கரண்டியும் வேண்டும் என்று தொலைபேசியில் கேளுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள். அதற்காகக் கூச வேண்டியதில்லை. உண்டபின் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

என்ன உடுப்பது? யாருக்கு எவ்வளவு அன்பளிப்புக் கொடுப்பது? நம் ஊர் மின்செருகி அங்கே பொருந்துமா?
— வாசகர், போர்ட் லூயிஸ்

பகலில் தூய்மையான சாதாரண உடை போதும்; இரவில் பெரிய உணவகத்துக்குப் போனால் ஆண்களுக்குக் கோட்டு வேண்டும். பெண்களுக்குப் பட்டுச்சேலையைவிடப் பொருத்தமான உடை அந்தக் கூடங்களில் இல்லை. அக்டோபரில் பத்துப் பாகைக்கு இறங்கும் குளிருக்கு ஒரு கம்பளிச் சால்வையும் மூடிய காலணியும் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவகச் சீட்டில் பணிக்கட்டணம் சட்டப்படி அடங்கியிருப்பதால் மேலும் கொடுப்பது உங்கள் விருப்பம். பெட்டி தூக்குபவருக்கு ஒரு பெட்டிக்கு இரண்டு யூரோ, அறையைத் தூய்மைசெய்பவருக்கு நாளுக்கு இரண்டு மூன்று யூரோ வைத்தால் போதும். அந்த இரண்டாமவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நாள்தோறும் வையுங்கள், கடைசி நாளில் வருபவர் வேறொருவராக இருக்கலாம். மின்னழுத்தம் நமக்குள்ளதே; ஆனால் சதுர முள் மூன்று கொண்ட செருகி அங்கே பொருந்தாது, மாற்றி (அடாப்டர்) ஒன்று வேண்டும். கொண்டுபோக மறந்தால் வரவேற்பு மேசையில் கேட்டால் இரவல் தருவார்கள்.

நான் ஹோட்டல் கல்வி பயிலும் மாணவன். அடுத்த ஆண்டு ஸ்தாஜ் பயிற்சிக்காகப் பாரிஸ் போகிறேன். இந்த ஹோட்டல்களில் தங்கும் வசதி எனக்கு இல்லை. வெளியில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
— மாணவன், வாக்வா

தம்பி, நிறைய வழி உண்டு. கிராண்ட் ஹோட்டலின் தரைத்தளத்தில் உள்ள கஃபே த லா பே எல்லாருக்கும் திறந்தது. ஒரு காப்பியின் விலை உனக்கு வலிக்கும், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பரிமாறுவோர் தட்டை ஏந்தும் முறையையும், ஒரு மேசையைக் கவனித்துக்கொண்டே அடுத்த மேசையைக் கண்ணால் அளப்பதையும் பார்த்தால் அது வகுப்புக்கு ஈடாகும். அருகிலேயே ஹோட்டல் ஸ்கிரிப் இருக்கிறது. 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டிய ‘இந்தியக் கூடம்’ என்ற அறை இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் இருந்தது. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் ஐரோப்பிய மரபுடைமை நாள்கள் வரும். வழக்கமாக மூடியிருக்கும் பல கட்டடங்கள் அந்த இரண்டு நாளும் திறக்கும். எந்த ஹோட்டல்கள் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கின்றன என்பதை ஆகஸ்ட் மாதமே பார்த்துப் பதிவு செய்துவிடு. பயிற்சியில் சேர்ந்தபின், கோட்டின் கழுத்து மடிப்பில் குறுக்காகப் பதித்த இரண்டு பொற்சாவி அணிந்த கொன்சியேர்ஜ் (விருந்தினரின் தேவைகளைக் கவனிக்கும் பணியாளர்) யாரையாவது கண்டால், உன்னை அறிமுகம் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டுப்பார். அவர்கள் தங்கள் தொழிலைக் கற்க வரும் பிள்ளைகளை விரட்டுவதில்லை.

ஆனால் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும்தான் போக முடியும் என்றால், ஆற்றின் இடக்கரையில் உள்ள லுத்தேசியாவுக்குப் போ. பக்கத்தில் உள்ள போன் மார்ஷே என்ற பெரிய அங்காடியின் உரிமையாளர்கள், பொருள் வாங்க வெளியூரிலிருந்து வரும் வாடிக்கையாளர் தங்குவதற்காக 1910இல் கட்டிய ஹோட்டல் அது. இரண்டாம் உலகப் போரில் செருமானிய இராணுவ உளவுப்பிரிவு அதைப் பிடித்துக்கொண்டது. நகரம் விடுதலையான மறு ஆண்டு, 1945 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, நாசி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் பெரும்பாலோரை வரவேற்கும் இடமாக அதே ஹோட்டல் மாறியது. எலும்பும் தோலுமாக வந்தவர்களை அங்கே பதிவு செய்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், உணவளித்தார்கள், அந்த அறைகளில் படுக்கவைத்தார்கள். காணாமற்போன கணவரையும் பிள்ளையையும் தேடி வந்தவர்கள் புகைப்படங்களையும் பெயர்களையும் பலகைகளில் ஒட்டிவிட்டு, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி கூடத்தில் நின்றார்கள். நாம் கற்கும் தொழிலின் பெயர் விருந்தோம்பல். அந்த ஐந்து மாதத்தில் அந்தச் சொல் என்ன பொருள் கொண்டிருந்தது என்பதை ஒரு மாணவன் அங்கே நின்று நினைத்துப்பார்க்க வேண்டும். உள்ளே போக வேண்டியதில்லை, காசும் தேவையில்லை. ராஸ்பாய் பெருவீதியின் பக்கச் சுவரில் அதற்கான நினைவுப்பலகை இருக்கிறது. நடைபாதையில் நின்றே படிக்கலாம்.